இரண்டாம் காலம்

ஒத்திகைத் தேர்வில் மூன்று தடவையும் பிசகியது நாதஸ்வரம் ஊதிய சண்முகவேல்தான் என்று தங்கச்செல்வி அடித்துச் சொன்னாள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல், தோளில் தவிலோடு நேரே கரிமூட்டம் போட்டிருந்த பொட்டலுக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் புழுதி. அழுதிருக்கிறாளா, வேர்த்திருக்கிறதா என்று தெரியவில்லை.

"வேணும்னே பண்றாம்மா. தனியா வாசிக்கச் சொன்னா அவ்வளவு சுத்தமா ஊதுறான். எங்கூடச் சேந்து வாசிக்கையில மட்டும் எங்கயோ போயி விழுறான். சாரு என்னையத்தான் மொறைக்காரு."

மாரிக்கனி ஈரமண் சட்டியை இறக்கி வைத்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல. அவன் மூஞ்சியும் மொகரையும். கூப்புட்டா ஏன்னு கேக்கமாட்டான். மனுசர மதிக்கத் தெரியாத பயலுக்குச் சங்கீதம் என்ன வேண்டிக் கெடக்கு?"

அப்பா தவசி மூட்டத்தின் தென்புறம் குத்தவைத்துப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பரளச்சிக்குக் கிழக்கே தரிசு முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டை கட்டையாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, உள்ளே தீ வைத்துக் கரியாக்குவதுதான் அவர்கள் பிழைப்பு. அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர். இவர் சொந்தமாக மூட்டம் போடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். எட்டு நாள், பத்து நாள் அந்தத் தீ உள்ளேயே கனிய வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் மூட்டக்காரன் எதையும் நம்ப மாட்டான். புகை வெள்ளையாக வந்தாலும் சந்தேகம், நின்றுபோனாலும் சந்தேகம். இருபத்தைந்து வருடமாக அதையே செய்ததில் தவசிக்கு அது குணமாகவே ஆகிவிட்டது.

"மூணு தடவையும் ஒரே எடத்துலயா பிசகுச்சு?" என்று கேட்டார்.

"ஒரே எடத்துலதாப்பா. ரெண்டாங்காலம் எடுக்குற எடத்துல."

"ஒரே எடத்துல வெடிச்சா அது தானா வெடிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி புகையைப் பார்த்தார்.

தங்கச்செல்வி டவுன் இசைப்பள்ளியில் தவில் மூன்றாம் வருடம். பன்னிரண்டு முடித்ததும் பாட்டு வகுப்புக்குத்தான் மனுப் போட்டாள். தேர்வுக்குப் போனபோது தொண்டை அடைத்துக்கொண்டது. வெளியே வந்து நின்றவளிடம் அங்கிருந்த தவில் ஒன்றைத் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கருவேலங்கட்டை அடுக்கிக் காய்த்த கை. அடித்த அடியில் உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வகுப்பில் தவிலுக்கு அவள் ஒருத்திதான் பெண். பொட்டப்பிள்ளைக்குத் தவுலு எதுக்கு என்று ஊரில் சிரித்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவளோ விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கோல் பிடித்து, தினமும் காலையில் நாலு மணி நேரம் சாதகம் செய்தாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது என்று சண்டை வந்தபிறகு சாதகம் பொட்டலுக்கு மாறியது. அங்கே வேகமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் கேட்க ஆளில்லை.

கடைசித் தேர்வு இரண்டு பகுதி. அரை மணி நேரம் தனியாக. அரை மணி நேரம் நாதஸ்வரத்தோடு சேர்ந்து. இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் கோயில் வேலைக்கு மனுப் போடலாம். யாரோடு யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு மல்லாங்கிணறு சண்முகவேல் வந்தான். சுவாமி புறப்பாட்டில் ஊதுகிற மல்லாரி ஒன்றை இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். முதலில் நின்று நிதானமாக ஒரு காலம். பிறகு அதையே இரண்டு மடங்கு வேகத்தில் இரண்டாம் காலம். முதல் காலம் முடிந்து இரண்டாம் காலத்துக்குத் தாவுகிற இடத்தில்தான் இரண்டு பேரும் ஒவ்வொரு முறையும் மோதிக்கொண்டார்கள்.

ஒத்திகைத் தேர்வு முடிந்ததும் தவில் சார் சொன்னது இது: "தனியா அடிக்கையில ஒன்னைய அசைக்க முடியாதும்மா. சேந்து அடிக்கையில நீ யாரோ. இன்னும் இருபது நாளு இருக்கு. ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்களோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் சண்முகவேல் பரளச்சிக்கு வருவான். இருபத்திரண்டு வயது. ஒல்லி. உறையில் போட்ட நாதஸ்வரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வருவான். வீட்டுக்குப் பக்கத்து வேம்படியில் பாய் விரித்து வாசிப்பார்கள். தாளம் போட ஆளில்லை என்று பள்ளியில் வாங்கி வந்த ஜால்ராவை மாரிக்கனியே கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு தட்டு, ஒரு வீச்சு. நாற்று நடுகையில் குலவையும் பாட்டுமாகப் பழகிய கைக்கு அது பெரிய வேலையாக இல்லை.

அவன் வந்தால் தங்கச்செல்வியை இடப்பக்கம் உட்காரவே விட மாட்டான். "இங்கிட்டு வா, இங்கிட்டு வா" என்று வலப்பக்கமாக இழுத்துப் போடுவான் பாயை. வாசிக்க ஆரம்பித்தால் அவன் பார்வை அவளை விட்டு நகராது. மற்றவர்கள் கண்ணை மூடி ஊதுவார்கள், மேலே பார்த்து ஊதுவார்கள். இவன் கன்னம் உப்ப, கண்ணைக் கொட்டாமல் அவளையே பார்த்து ஊதினான். தவசி அதை முதல் ஞாயிறே கண்டுகொண்டார். போகும்போது, "வாரேன் அத்தை" என்று மாரிக்கனியிடம் சொல்லிக்கொண்டு போனதையும் கவனித்தார்.

"அத்தைங்கிறான் பாத்தியா?"

"மருவாதிக்குச் சொல்றான், விடுங்க."

"மருவாதிக்கு அக்காங்கலாம், அம்மாங்கலாம். அத்தைன்னா என்ன அர்த்தம்?"

மாரிக்கனிக்கு வேறு குறை. குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, அடுப்படியிலிருந்து மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கச்செல்வி எதிரே போய் நின்று சொன்ன பிறகே எழுந்து வந்தான். சாப்பிட்டவன் தட்டைத் தானே கழுவி வைத்தான் என்பதை அவள் ஒத்துக்கொண்டாள். "ஆனா அந்தத் திமிரு இருக்குல்ல, அது சோத்துல போகாது."

ஒத்திகைத் தேர்வுக்கு மறுநாள் ஞாயிறு. அன்றைக்கும் வந்தான். இரண்டாம் காலத்தில் மறுபடி மோதியது. தங்கச்செல்வி கோலைப் பாயில் எறிந்தாள்.

"ஏன் இப்படிப் பண்ற நீ? நேராச் சொல்லு. எங்கூட வாசிக்கப் பிடிக்கலையா?"

"நான் என்ன பண்ணேன்? நீதான…" என்று ஆரம்பித்தவன் அதோடு நிறுத்திக்கொண்டான். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலியோரம் நின்ற தவசி பின்பக்கமாக வந்தார். "ஏலே, என்ன பார்வை அது?" அவன் திரும்பவில்லை. "ஒன்னையத்தாண்டா." அப்போதும் திரும்பவில்லை. தவசி அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். நாதஸ்வரம் வேப்பமரத் தூரில் இடித்தது. அவன் தவசியைப் பார்க்கவில்லை, நாதஸ்வரத்தின் ஊதுமுனைச் சீவாளி உடைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தான். அதைத் துடைத்து உறையில் போட்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்து போய்விட்டான்.

திங்கட்கிழமை தவசி சட்டை மாற்றி மகளோடு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை கஸ்தூரி மேடம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். தவசி எழுதினார்: என் மகளைத் தப்பான பார்வை பார்க்கிறான். வேண்டுமென்றே வாசிப்பைக் கெடுக்கிறான். வேறு ஆள் மாற்றித் தர வேண்டும். கீழே அவர் கையெழுத்து. அதற்குக் கீழே தங்கச்செல்வி. முதல் வரி அவள் சொன்னதல்ல. அதைப் படித்தபோது பேனா ஒரு நொடி நின்றது. ஆளை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று போட்டுவிட்டாள்.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்துறதுக்கு ஆளு இல்ல. பரீட்சையில அவனோடதான் வாசிக்கணும். ஆனா இந்த மாதிரி மனு வந்தா நான் சும்மா விட முடியாது. பரீட்சை முடிஞ்சு விசாரணை. அதுவரைக்கும் அவன் சான்றிதழ் எங்கிட்டதான் இருக்கும்."

புதன்கிழமை மூட்டத்துக்குக் காவலாகத் தங்கச்செல்வி தனியாக உட்கார்ந்திருந்தாள். பங்குனி வெயில். காற்று அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிப்புகளையெல்லாம் போனில் பதிந்து வைத்திருந்தாள். விசாரணையில் காட்டலாம் என்று இப்போது எடுத்துப் போட்டாள். எந்த இடத்தில் அவன் நழுவுகிறான் என்று குறித்துக்கொள்ள நினைத்தாள். முதல் காலத்தில் நாதஸ்வரத்தைக் கேட்டபடி காலால் தரையைத் தட்டத் தொடங்கினாள். தட்டிக்கொண்டே வந்தாள். இரண்டாம் காலம் வந்தது. அவள் கால் நாதஸ்வரத்தோடு ஒட்டிப் போயிற்று. தவில்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த பதிவைப் போட்டாள். அதற்கு அடுத்ததையும். நாலு பதிவிலும் அவன் வைத்த காலம் வைத்தபடி நின்றது. அவள்தான் தாவுகிற இடத்துக்கு நாலு அடி முன்னாலேயே கைக்கு வெறி பிடித்தாற்போல் ஓடினாள். ஜால்ராவும் அவள் பின்னாலேயே ஓடியது. மூன்று வருடமாகப் பொட்டலில் தனியாக அடித்த கை. நில் என்று சொல்ல அங்கே யாரும் இருந்ததில்லை.

போனை அணைத்தாள். வீட்டுக்கு வந்தபோது மாரிக்கனி சுண்டவத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தாளம் போட்டது நீதான? யாரு ஓடுனா?"

"எனக்கென்ன சங்கீதமா தெரியும்?"

"சங்கீதம் வேண்டாம். ஒங்கையி யாரு பின்னாடி போச்சு?"

மாரிக்கனி வத்தலைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "நீதான் ஓடுன. நானும் உம்பின்னாடி ஓடியாந்தேன்."

"தெரிஞ்சா இருந்துச்சு?"

"மொத ஞாயித்துக்கெழமையே தெரியும்."

"அப்பறம் ஏம்மா சொல்லல? அவன் மேல மனு வரைக்கும் போயிருச்சே!"

"மனு ஒங்கப்பா வேலை. என்னையவா கேட்டாரு?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஊரே சிரிச்சுச்சு செல்வி. நீ ஒண்டியா நின்ன. ஒந்தப்புன்னு நானும் சொல்லிட்டா நீ தவுலத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவியோன்னு இருந்துச்சு. அவன் யாரோ ஒருத்தன். அவன் மேல போட்டா நமக்கென்ன போச்சுன்னு இருந்துட்டேன்."

மறுநாள் வகுப்புக்குச் சண்முகவேல் வரவில்லை. தங்கச்செல்வி பஸ் மாறி மல்லாங்கிணறுக்குப் போனாள். அவனுடைய அக்கா அருஞ்சுனை மாவு மில் வைத்திருந்தாள். மில்லுக்குள் நாலு பெண்கள் தூக்குச்சட்டிகளோடு நின்றார்கள். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் எல்லாரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். சண்முகவேல் மாவில் வெளுத்துப்போய், மேலே ஏறி மிளகாய் கொட்டிக்கொண்டிருந்தான்.

தங்கச்செல்வி அவன் அருகே இடப்பக்கமாகப் போய் நின்று கூப்பிட்டாள். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. சரியாக அப்போது கரண்ட் போயிற்று. மில் தளர்ந்து நின்றது. அந்த அமைதியில் அவள் குரல் உரக்க விழுந்தது.

"சண்முகவேலு!"

நின்ற பெண்கள் நாலு பேரும் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தான். "சண்முகவேலு" என்று இன்னொரு முறை, இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னாள். தும்மினான். ஆனால் திரும்பவில்லை.

கல்லாவில் இருந்த அருஞ்சுனை எழுந்து வந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தங்கச்செல்வி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நீதான் அந்த மனு எழுதிக் குடுத்த பிள்ளையா?"

"ஆமாக்கா."

"இங்க என்னத்த வேவு பாக்க வந்த? பாத்துட்டேல்ல? போயி இதையும் எழுதிக் குடு."

"அக்கா, அவனுக்குக் காது…"

"மெதுவாப் பேசு. அவனுக்குத்தான் கேக்காது, இவளுகளுக்குக் கேக்கும்." தம்பியின் தோளைத் தொட்டாள். அவன் திரும்பி, தங்கச்செல்வியைப் பார்த்ததும் சாக்கைக் கீழே விட்டான்.

பின்கட்டில் கோதுமைச் சாக்குகளுக்கு நடுவே மூவரும் உட்கார்ந்தார்கள். எட்டாவது படிக்கையில் இடது காதில் சீழ் வைத்து ஜவ்வு போய்விட்டது. வலது காதும் பாதிதான். கனத்த சத்தம் விழும், கீச்சுச் சத்தம் விழாது.

"தவுலுல கோல் பக்கம் கேக்கும்" என்றான் சண்முகவேல். "வெரலு விழுறது கேக்காது. அதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். ஜால்ரா சுத்தமாக் கேக்காது. பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா கோயில் வேலைக்கு டாக்டரு சர்டிபிகேட்டுல ஒதுக்கிருவாக."

தங்கச்செல்வி தன் விரல்களைப் பார்த்தாள். அவன் பார்த்ததெல்லாம் அவள் வலது கையை.

"நீ ஏன் ஓடுன?" என்று கேட்டான் அவன். "எனக்கு அது மட்டும் வெளங்கல. எங்காது வெசயம் எப்படியோ தெரிஞ்சு போயி, சாரு முன்னாடி காட்டிக் குடுக்கத்தான் நீ ஓடுறேன்னு நெனச்சேன். அதான் நானும் விடாம பிடிச்சு நின்னேன்."

"நான் ஓடுறதே எனக்குத் தெரியாது."

"அதெப்படித் தெரியாம இருக்கும்?"

"தெரியலையே. நீதான் கெடுக்குறேன்னு நெனச்சேன். போன்ல கேட்டபெறகுதான்…" அதற்கு மேல் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தால் அவனுக்கு வார்த்தை போய்ச் சேராது என்று நினைவு வந்து, நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சொன்னாள். "தப்பு எம்மேல."

அருஞ்சுனை இன்னும் நம்பவில்லை. "வாயால சொல்றது இருக்கட்டும். எழுதுனத அழிப்பியா?"

வெள்ளிக்கிழமை தங்கச்செல்வி மேடம் முன்னால் போய் நின்றாள். வாசிப்பில் முந்தி ஓடியது நான்தான், மனுவைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள்.

"வாசிப்பு சரி. மொத வரி இருக்கே?"

"அதுவும் இல்ல மேடம்."

"அப்ப ஏன் அப்படிப் பாக்குறானாம்?"

அதற்குப் பதில் ஒன்றுதான். அதைச் சொன்னால் பழி போகும், அவன் வேலையும் போகும். தங்கச்செல்வி வாயைத் திறக்கவில்லை. மேடம் மனுவை மடித்து மேசைக்குள் வைத்தார். "ஒங்கப்பா கையெழுத்துப் போட்டது. அவரு வந்து எழுதிக் குடுத்தாத்தான் எடுக்க முடியும்."

மதியம் இரண்டு மணி நேரம் மல்லாங்கிணறில் கரண்ட் இருக்காது. அந்த நேரத்தில் மில்லுக்குள் வாசித்தார்கள். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவைத்தாள். சாக்கு அடுக்கும் பெரிய பலகையை அருஞ்சுனை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்தால் தவில் அடி மரத்தின் வழியாகத் தொடைக்கு ஏறுகிறது என்று சண்முகவேல் கண்டுபிடித்தான். அவன் மூச்சிழுக்கும் முன் தோள் ஒரு விரற்கடை உயர்வதை அவள் கண்டுபிடித்தாள். அந்தத் தோளைப் பார்த்து அடித்தால் ஓட முடியாது. ஆனால் அது லேசாக இல்லை. கை நிறையத் தவில் சொற்கள் இருக்கும்போது பாதியை விழுங்கிக்கொள்வது அவளுக்கு உடம்பு நோவு மாதிரி இருந்தது. முதல் மூன்று நாள் ஓடினாள். ஓடும்போதெல்லாம் அவன் ஊதுவதை நிறுத்தி, கோபப்படாமல் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதற்குப் பதில் அவன் திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

நாலாம் நாள் இரண்டாம் காலம் தாவியபோது இருவருக்குமே தாவியது தெரியவில்லை. வாசலில் நின்ற அருஞ்சுனைதான், "இப்ப என்னமோ நடந்துச்சே" என்றாள். அன்றைக்குத்தான் தங்கச்செல்விக்கு முதல் தடவையாக டீ வாங்கிக் கொடுத்தாள்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கையில் மளிகைக்கடைச் சங்கர் தவசியிடம் சொன்னான்: "ஒங்க மக மல்லாங்கிணத்துல எறங்குதாமே அண்ணே, தெனமும்."

தவசி வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. மகளை எதிரே உட்காரச் சொன்னார்.

"எதுக்குப் போற?"

"வாசிக்கப்பா. தப்பு எம்மேல. நாந்தான் ஓடுனேன். அம்மாவக் கேளு."

மாரிக்கனி அடுப்பைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையாட்டினாள்.

"சரி. ஓடுனது நீ. வச்சுக்குவோம். அந்தப் பார்வை என்ன பார்வை?"

தங்கச்செல்வி தரையைப் பார்த்தாள்.

"அதுக்குப் பதிலு இல்ல பாத்தியா. மனு குடுத்தவளே பொய் சொல்லிட்டு அவன் வீட்டுக்குப் போயி வாரா. நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"நீ நெனைக்கிற மாதிரி இல்லப்பா."

"அப்ப எந்த மாதிரின்னு சொல்லு."

"என்னால சொல்ல முடியாது. அது எஞ்சொத்து இல்ல."

தவசி எழுந்தார். "பரீட்சைக்கு நானும் வாரேன். என் கண்ணால பாக்கணும்" என்றார். அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாரிக்கனி வைத்த குழம்பில் இரண்டு நாள் உப்பில்லை. அதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

தேர்வு பள்ளி மண்டபத்தில் நடந்தது. தனி வாசிப்பு காலையிலேயே முடிந்தது. தங்கச்செல்வி நன்றாகவே அடித்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு இடத்தில் தலையை ஆட்டினார். சேர்ந்து வாசிக்கும் முறை மதியம் வந்தது. மேடை மரப்பலகை. தவசி பின்வரிசையில் உட்காரவில்லை. சண்முகவேல் முகம் நேராகத் தெரிகிறாற்போலப் பக்கவாட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அவனும் அவரைப் பார்த்தான். ஒரு நொடி நாதஸ்வரம் கைக்குள் தடுமாறியது. தங்கச்செல்வி கோலால் தவிலின் இடப்பக்கத் தொப்பியில் ஒருமுறை தட்டினாள். பலகை வழியாக அது போய்ச் சேர்ந்தது. அவன் அவள் கைக்குக் கண்ணைத் திருப்பினான்.

தாளத்துக்கு முதல் வருடத்துப் பெண் ஒருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். முதல் காலம் நிதானமாக நகர்ந்தது. தவசிக்குச் சங்கீதம் புரியாது. அவர் கேட்கவே இல்லை. பார்த்தார். அவன் கண் எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று மூட்டத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். அந்தக் கண் மகளின் முகத்துக்கு வரவே இல்லை. விரலோடு ஏறியது, விரலோடு இறங்கியது. விரல் நின்றால் நின்றது.

இரண்டாம் காலத்துக்கு முந்தின சுற்றில் அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஜால்ரா நழுவிற்று. மேடைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் விழுந்து ‘ணங்’கென்று உருண்டோடியது. தேர்வாளர்கள், மேடம், வாசலில் நின்ற பிள்ளைகள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கச்செல்விக்கே உடம்பு ஒருமுறை குலுங்கியது. சண்முகவேலின் இமைகூட அசையவில்லை.

தாளம் இல்லை. அவள் கை ஓடப் பார்த்தது. பக்கத்தில் அவன் தோள் ஒரு விரற்கடை உயர்ந்தது. அவள் தன் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தத் தோளோடு சேர்ந்து இரண்டாம் காலத்தில் விழுந்தாள். ஒரே சமயத்தில் இரண்டு பேரும் விழுந்தார்கள். ஜால்ராவைத் தேடி எடுத்து வந்த பெண் இவர்களைக் கேட்டுத்தான் தன் தாளத்தை ஒட்டவைக்க வேண்டியிருந்தது.

முடிந்ததும் தேர்வாளர் தங்கச்செல்வியிடம், "காலையில ஒன்னைய மட்டும் கேட்டேன். இப்ப ஒன்னையத் தனியாப் பிரிச்சுக் கேக்க முடியல" என்றார். அது பாராட்டு என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பி அப்பாவைத் தேடினாள். சுவரோரம் அவர் இல்லை.

அவர் ஆபீசில் இருந்தார். வாசலுக்கு அவள் வந்தபோது மேடம் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். "திரும்ப வாங்குறேன்னு மட்டும் எழுதுனாப் பத்தாது. காரணம் எழுதணும்."

தவசி பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். தங்கச்செல்வி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மேடம் அதை வாய்விட்டே படித்தார்: "பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் பார்த்ததில்தான் தப்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா" என்றார் தவசி. மேடம் மேசைக்குள்ளிருந்து பழைய மனுவை எடுத்து அவரிடமே கொடுத்தார்.

அருப்புக்கோட்டையில் பஸ் மாறி ஏறியபோது உட்கார இடம் கிடைத்தது. தவில் இருவர் முழங்காலுக்கும் நடுவே இருந்தது. ஊர் எல்லை தாண்டி, இருபுறமும் சீமைக்கருவேலம் தொடங்கியது. தவசி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"எந்தக் காதும்மா அவனுக்கு?"

தங்கச்செல்வி அவரைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

"எடது" என்றாள். "வலதும் பாதிதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அன்னைக்கு நான் பின்னாடி நின்னு கத்துனேன்" என்றார். "ஒங்கம்மாட்டச் சொல்லிராத. அவ பாவம் பாத்தே அவனக் காட்டிக் குடுத்துருவா."